தன் முகவரியை மறந்த இயந்திரம்

பழைய யூனிக்ஸ் கணினியில் வலையிணைப்பு அறுந்தால் நாம் முதலில் பழிசுமத்துவது வலையட்டையின் மீது. பல வேளைகளில் அது குற்றமற்றது.

1989-இல் வெளிவந்த சன் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் 1-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் ஈதர்நெட் முகவரி, கடிகாரத்தையும் தாங்கிய எம்48டி02 என்னும் சில்லில் பதிந்திருக்கிறது. அச்சில்லுக்குள்ளேயே லித்தியம் மின்கலத்தை வைத்து மூடிவிட்டார்கள். மின்கலம் தீர்ந்ததும் இயந்திரம் நேரத்தோடு தன் அடையாளத்தையும் மறக்கிறது. முகவரியின் ஆறு இடங்களிலும் 'எஃப்எஃப்' என்று தோன்றும். வலையில் அது எல்லோரையும் விளிக்கும் பொது முகவரி, எவர்க்கும் உரியதன்று. வேறு அட்டையைச் செருகினாலும் அதுவும் வழக்கமாக இதே முகவரியைத்தான் எடுத்துக்கொள்ளும்.

சில்லை மாற்றலாம், அல்லது அதன் மேலுறையை அராவி, வெளியிலிருந்து மின்கலம் இணைக்கலாம். பின்னர் 'ஓகே' என்று காத்திருக்கும் திரையில் 'எம்கேபி' கட்டளையால் முகவரியை மீண்டும் எழுதலாம்.

இவ்வழி இன்று நமக்குத் தெரிவது, பழுது பார்த்தவர்கள் பொறுமையாக எழுதிவைத்ததால்தான். சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கிவிட்டது. பழங்கணினிகளைச் சேர்ப்போர் இக்குறிப்புகளையும் சேர்க்க வேண்டும் என்போம். அவை தொலைந்தால், பிழைக்கக்கூடிய இயந்திரங்களையும் குப்பைக்கு அனுப்பிவிடுவோம்.