ஃபிளாஷ் பண்ணுங்க, ஆனா திரும்பி வர்ற வழியைப் பார்த்துட்டு

செமஸ்டர் லீவுக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்க ஃப்ளோர்ல கண்டிப்பா ஒரு கதவு தட்டப்படும். "அண்ணா, போன் லோகோவுலயே நிக்குதுண்ணா." கையில கேபிள், முகத்துல பயம். யாரோ போட்ட பத்து நிமிஷ வீடியோவைப் பார்த்து கஸ்டம் ரோம் ஏத்தியிருப்பான். வீடியோவுல எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கும். ஏன்னா அந்த வீடியோ, சரியா நடந்த ஒரு தடவையை மட்டும்தான் காட்டும்.

இதைப் பத்தி நம்ம காலேஜ்ல ரெண்டு கட்சி இருக்கு. ஒண்ணு, "வாரண்டி போயிடும், தொடாதே" கட்சி. இன்னொண்ணு, "ஒண்ணும் ஆகாது மச்சி, நான் நாலு தடவை பண்ணிருக்கேன்" கட்சி. நான் ரெண்டுலயும் இல்ல. காசு குடுத்து வாங்கின போன்ல என்ன ஓடணும்னு முடிவு பண்ற உரிமை உங்களுக்கு இருக்குன்னு நம்புறவன் நான். ஆனா கம்பெனி குடுத்த சாஃப்ட்வேருக்குத் திரும்பிப் போறது எப்படின்னு தெரியாதவங்க அன்லாக் பட்டன் பக்கமே போகக்கூடாதுன்னும் நினைக்கிறேன். காரணம் என் சொந்தக் கதைதான்.

செகண்ட் இயர்ல என் போனுக்கு அப்டேட் வர்றது நின்னுபோச்சு. அப்பா வாங்கிக் குடுத்த போன், ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு கஸ்டம் ரோம் ஏத்தினேன், பூட் ஆகல. லோகோ வரும், அணையும், மறுபடி வரும். இதுவரைக்கும் பெரிய தப்பு ஒண்ணும் நடக்கல. இந்த நிலைமையில இருக்கிற போனை அமைதியா உக்காந்தா அரை மணி நேரத்துல மீட்டுடலாம். ஆனா அப்போ ராத்திரி 1 மணி, எனக்கு கை நடுங்குது, என்கிட்ட ஒரிஜினல் ஃபர்ம்வேர் இல்ல. கிடைச்ச சைட்ல இருந்து எதையோ இறக்கினேன். லேப்டாப்ல இருந்த ஃபிளாஷ் டூல்ல மூணு ஆப்ஷன் இருந்தது. "ஃபார்மேட் ஆல்" போட்டு ஏத்துற ஆப்ஷன்தான் சுத்தமா இருக்கும்னு தோணுச்சு. அதை அழுத்தினேன்.

போன் உயிரோட வந்தது, சிக்னல் வரல. வைஃபை லிஸ்ட்ல நம்ம ஹாஸ்டல் நெட்வொர்க்கோட சேர்ந்து "என்விரேம் வார்னிங்"னு ஒரு பேர் தெரிஞ்சது. ஸ்டார், ஹேஷ், ஜீரோ, ஆறு, ஹேஷ் அடிச்சுப் பார்த்தா ஐஎம்இஐ இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமில்ல. மீடியாடெக் சிப் போன்கள்ல ஐஎம்இஐ நம்பரும், அந்த ஒரு போனுக்குன்னே ஃபேக்டரியில அளந்து எழுதின ரேடியோ கேலிப்ரேஷனும் என்விரேம்ங்கிற பகுதியில இருக்கும். எந்த ஃபர்ம்வேர் ஃபைல்லயும் அது கிடையாது. உலகத்துல அதோட ஒரே காப்பி அந்த போனுக்குள்ளதான் இருந்தது. "ஃபார்மேட் ஆல்"ல அதையும் சேர்த்து நானே அழிச்சுட்டேன்.

அப்பாவுக்கு என் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்னே வந்திருக்கு. ரூம்மேட் போன்ல இருந்து கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல வெக்கமா இருந்ததால நாளைக்கு சரி ஆயிடும், நாளைக்கு சரி ஆயிடும்னு தள்ளிப் போட்டேன். மூணாவது நாள் அவர் லீவு போட்டு, பஸ் ஏறி, ஹாஸ்டல் வாசல்ல வந்து நின்னார். என்னைப் பார்த்ததும் திட்டல. "சாப்டியா"ன்னு கேட்டார். எனக்கு அது திட்டை விட மோசமா இருந்தது.

சர்வீஸ் சென்டர்ல போர்டு மாத்தணும்னு சொன்னாங்க. போனோட விலையில பாதிக்கு மேல. ஒரு கடையில "எந்த நம்பர் வேணும் தம்பி, போட்டுத் தர்றேன்"னு கேட்டார் ஒருத்தர். வெளிய வந்துட்டேன். ஐஎம்இஐயை மாத்துறது இந்தியாவுல குற்றம், 2017லயே அதுக்குன்னு தனி விதிகள் வந்தாச்சு. உங்க போனுக்கு யாராவது வேற ஒரு நம்பரை எழுதித் தர்றேன்னு சொன்னா அதுக்கு மாட்டப்போறது நீங்கதான்.

இப்போ திரும்பிப் பாருங்க. என் போனைக் கொன்னது கஸ்டம் ரோம் இல்ல. திரும்பி வர அவசரப்பட்டதுதான். ஏத்துறதைப் பத்தி பத்து வீடியோ பார்த்தவன், இறக்குறதைப் பத்தி ஒண்ணுகூட பார்க்கல.

அதனால என்கிட்ட வர்ற ஜூனியர்கிட்ட நான் முதல்ல கேக்கிறது "எந்த ரோம்?" இல்ல, "ஸ்டாக் ஃபர்ம்வேர் இறக்கி வச்சிருக்கியா?" அதே மாடல், அதே வேரியண்ட், இப்போ போன்ல ஓடுற வெர்ஷன் இல்லன்னா அதுக்கும் புதுசு. லேப்டாப்ல இருக்கணும். செக்சம் குடுத்திருந்தா அதையும் ஒத்துப் பார்த்திருக்கணும். நம்ம வைஃபை ராத்திரி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், பாதியில அறுந்த ஃபைலைப் போனுக்குள்ள எழுத வேண்டாம்.

"வேரியண்ட்"ங்கிற வார்த்தையைச் சும்மா தாண்டிப் போயிடாதீங்க. 2018ல இந்தியாவுல ரெட்மி நோட் 5னு வித்த போன் வெளிநாட்டுல ரெட்மி 5 பிளஸ். அதோட கோட்நேம் 'வின்ஸ்'. இங்க நோட் 5 ப்ரோன்னு வித்தது வெளிநாட்டுல வெறும் நோட் 5. அது 'வைரெட்'. ரெண்டுலயும் சிப்பே வேற வேற. "ரெட்மி நோட் 5 கஸ்டம் ரோம்"னு தேடினவனுக்கு எது கிடைச்சிருக்கும்னு யோசிங்க. டப்பாவுல இருக்கிற பேரை நம்பாதீங்க, கோட்நேமைப் பாருங்க. ஃபாஸ்ட்பூட்ல போட்டு "கெட்வார் பிராடக்ட்" கேட்டா பெரும்பாலான போன்கள் தன் பேரைத் தானே சொல்லும்.

அதே வைரெட்ல இன்னொரு பாடமும் இருக்கு. அந்த வருஷம் ஷியோமி ஆன்ட்டி ரோல்பேக்னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. போனுக்குள்ள ஒரு எண் இருக்கும். ஏத்துற ஃபர்ம்வேரோட எண் அதை விடக் குறைவா இருந்தா போன் எழுந்திருக்காது. "பழைய வெர்ஷன்தான் நல்லா இருந்தது"ன்னு பின்னாடி போனவங்க போன் செங்கல் ஆச்சு. க்வால்காமோட இடிஎல் மோட்ல போட்டு மீட்கலாம்னா, அதுக்கு கம்பெனி அனுமதிச்ச அக்கவுண்ட் கேட்டது. ஷியோமி மட்டும் இல்ல, 2022 ஆகஸ்ட்ல கூகுளும் பிக்சல் 6 வரிசையில ஆண்ட்ராய்டு 13க்குப் போனவங்க 12க்கு இறங்க முடியாதபடி பூட்லோடர்ல பூட்டு போட்டாங்க. பாதுகாப்புக்காகத்தான், பழைய ஓட்டையை வச்சு யாரும் உள்ள வரக்கூடாதுன்னு. ஆனா திரும்பி வர்ற வழியில ஒரு கதவு மூடியிருக்குன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்ல?

அடுத்தது பேக்கப். போட்டோவை லேப்டாப்ல போட்டுக்கோங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, சரிதான். பூட்லோடர் அன்லாக் பண்ணினாலே டேட்டா மொத்தமும் போயிடும். (ஆதென்டிகேட்டர் ஆப்ல இருக்கிற கோடுகளை மறந்துடாதீங்க. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் கிட்ஹப்புக்குள்ள போக முடியாம ஒரு வாரம் அலைஞ்சான்.) ஆனா போட்டோவை விட முக்கியமான பேக்கப் ஒண்ணு இருக்கு, அதை யாரும் வீடியோவுல சொல்றதில்ல. சாம்சங்ல இஎஃப்எஸ், க்வால்காம்ல மோடம் எஸ்டி 1, மோடம் எஸ்டி 2, எஃப்எஸ்ஜி, பெர்சிஸ்ட், மீடியாடெக்ல என்விரேம், என்விடேட்டா, ப்ரொடெக்ட் பகுதிகள். உங்க போனோட பிறப்புச் சான்றிதழ் மாதிரி. ரூட் கிடைச்ச உடனே, இல்லன்னா ரிகவரி ஏறின உடனே, வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி இதுங்களை எடுத்து லேப்டாப்லயும் டிரைவ்லயும் போட்டுடுங்க. எல்லாம் சேர்த்தாலும் பெரிய சைஸ் வராது. அன்னிக்கு அது என்கிட்ட இருந்திருந்தா அப்பா பஸ் ஏறியிருக்க மாட்டார்.

கர்னலுக்கு வருவோம். (எடிட்டர் தமிழ்ச் சொல் கேட்டாங்க. இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன் நான், கர்னல்னே விட்டுடுறேன், மன்னிச்சுக்கோங்க.) ரோம் மாத்துறது வீட்டையே மாத்துற மாதிரி. கர்னல் மாத்துறது அதே வீட்டுல வயரிங் மட்டும் மாத்துறது. சின்ன வேலைன்னு தோணும், ஷாக் அடிக்கிறது அங்கதான். ஆனா கர்னல்ல ஒரு வசதி இருக்கு. பல போன்கள்ல பூட் இமேஜை எழுதாமலே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம். ஃபாஸ்ட்பூட்ல "ஃபிளாஷ்"க்குப் பதிலா "பூட்"னு குடுத்தா அது ரேமுக்குப் போய் ஓடும். பிடிக்கலன்னா ரீஸ்டார்ட் பண்ணுங்க, பழைய கர்னல் அங்கேயே இருக்கும். எல்லா போனும் விடாது, விடுற போன்ல இதைப் பண்ணாம நேரா எழுதுறவங்களை என்னால புரிஞ்சுக்கவே முடியல. விடாத போன்னா ஸ்டாக் பூட் இமேஜும் டிடிபிஓ இமேஜும் கையில இருக்கட்டும். மறுபடி எழுத ரெண்டு நிமிஷம்தான்.

புதுக் கர்னல் பூட் ஆச்சு, ஆனா வைஃபை வரலைன்னா பயப்படாதீங்க. பெரும்பாலும் டிரைவர் மாட்யூல்களும் கர்னலும் வேற வேற வெர்ஷன்ல இருக்கும், அதான். பழைய பூட் இமேஜைப் போட்டா சரியாயிடும். அண்டர்வோல்ட், ஓவர்க்ளாக் விளையாடுறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. ஒரே மாடல்ல ரெண்டு சிப் ஒரே மாதிரி இருக்காது. உங்க ஃப்ரெண்ட் போன் தாங்கின வோல்டேஜ்ல உங்களுது தொங்கலாம். கர்னல் மேனேஜர் ஆப்ல "செட் ஆன் பூட்"ங்கிற டிக்கை ரெண்டு நாள் ஓட்டிப் பார்க்காம போடாதீங்க. டிக் இல்லன்னா தொங்கினாலும் ரீஸ்டார்ட்ல தப்பிச்சுடுவீங்க. டிக் போட்டிருந்தா ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல போய் விழும்.

இன்னொரு விஷயத்துல நான் ரொம்பப் பிடிவாதம். டெலிகிராம் சேனல்ல வர்ற ஜிப் ஃபைல். கர்னலுக்கு மேல உங்க போன்ல எந்த அதிகாரியும் இல்ல. நீங்க அடிக்கிற பின் நம்பர், கேமரா, மைக் எல்லாமே அது வழியாத்தான் போகுது. அதை கம்பைல் பண்ணினவன் சோர்ஸ் கோடைப் போடாம "நம்பு ப்ரோ"ன்னு சொன்னா ஏத்தாதீங்க. லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் வெர்ஷன் 2 லைசென்ஸ்ல இருக்கு. பைனரியை வெளிய குடுத்தா, வாங்கினவங்க கேக்கும்போது சோர்ஸையும் குடுத்தே ஆகணும். அது அவர் உங்களுக்குப் பண்ற உபகாரம் இல்ல, கடமை. 2009ல ஸ்டீவ் கோண்டிக் ஆரம்பிச்ச சயனோஜென்மாட் 2016 டிசம்பர்ல மூடினப்போ, அடுத்த சில நாள்லயே லினியேஜ் ஓஎஸ்னு அது தொடர முடிஞ்சதுக்குக் காரணமும் சோர்ஸ் எல்லார் கையிலயும் இருந்ததுதான்.

பேங்க் ஆப் ஓடுமான்னு கேப்பீங்க. ஓடலாம், ஓடாம போகலாம். பூட்லோடர் திறந்திருக்கா மூடியிருக்காங்கிறதை போனோட பாதுகாப்பு ஹார்ட்வேரே கையெழுத்துப் போட்டுச் சொல்லுது. ப்ளே இன்டெக்ரிட்டின்னு கூகுள் வச்சிருக்கிற சோதனை அதைப் பார்க்கும். இன்னிக்கு ஏமாத்துற வழி அடுத்த மாசம் அடைபடும். சாம்சங்லன்னா நாக்ஸ் ஃப்யூஸ் ஒரு தடவை போனா போனதுதான், ஸ்டாக்குக்குத் திரும்பினாலும் அது திரும்பாது. மெஸ் பில் கட்டுறதுல இருந்து டீக்கடை வரைக்கும் யூபிஐயில ஓடுற நமக்கு இது சின்ன விஷயம் இல்ல. உங்ககிட்ட ஒரே போன்தான் இருக்குன்னா, பிளேஸ்மென்ட் சீசன்னா, வேண்டாம். அம்மா போன்ல பண்ணி ஷோ காட்டாதீங்க. தப்பாச்சுன்னா அவங்களுக்கு உங்களைக் கூப்பிடக்கூட வழி இருக்காது.

பேங்க் ஆப் வேணும்னு பூட்லோடரை மறுபடி லாக் பண்றவங்களுக்கும் ஒண்ணு. கஸ்டம் ரோம் ஓடும்போது லாக் பண்ணினா, பெரும்பாலான போன்கள் தனக்குத் தெரியாத கையெழுத்தைப் பார்த்துட்டு பூட் ஆகவே மறுக்கும். டேட்டாவும் காலி. முழுசா ஸ்டாக்குக்கு வந்து, அது பூட் ஆகுதான்னு பார்த்துட்டு, அப்புறம்தான் லாக். ஷியோமியோட மி ஃபிளாஷ் டூல்ல கீழ ஓரத்துல "கிளீன் ஆல் அண்ட் லாக்"ங்கிறது முன்னாடியே தேர்வாகி நிக்கும். நீங்க ஸ்டாக் ஏத்தினாலும் அது வேற நாட்டு ஃபர்ம்வேரா இருந்து கூடவே லாக்கும் ஆச்சுன்னா அன்னிக்கு ராத்திரி தூக்கம் இல்ல. அழுத்துறதுக்கு முன்னாடி அந்த ஓரத்தை ஒரு தடவை படிங்க. நான் படிக்காத ஓரம் எனக்கு என்ன பண்ணுச்சுன்னு மேலயே சொல்லிட்டேன்.

இவ்வளவு சொல்லிட்டு ஏன் இன்னும் "பண்ணுங்க"ன்னு சொல்றேன்? ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர்ல கேன்ட் சார்ட் போட்டு 13 மார்க் வாங்கினவன்தான் நானும். ஷெட்யூலர்னா என்னன்னு எனக்கு நிஜமா புரிஞ்சது, கவர்னரை மாத்திட்டு போன் கையில சுடுறதை உணர்ந்தப்போதான். பார்ட்டிஷன் டேபிள், டிவைஸ் ட்ரீ, கையெழுத்துச் சரிபார்ப்பு, எல்லாமே என் தப்பைத் தேடிப் போன வழியில கத்துக்கிட்டது. அப்டேட் நின்ன நல்ல போன் ஒண்ணு டிராயர்ல தூங்குறதை விட இன்னும் ரெண்டு வருஷம் ஓடினா யாருக்கு நஷ்டம்?

அந்த பழைய போன் இன்னும் என்கிட்ட இருக்கு. அதுல வாரத்துக்கு ஒரு கர்னல் ஏறி இறங்குது. முதல் தடவை பண்ணப் போறவங்க உங்க போனைத் தொடறதுக்கு முன்னாடி வந்து இதை வாங்கிட்டுப் போங்க. வேணும்னே பூட்லூப்ல தள்ளி, திரும்ப ஸ்டாக்குக்குக் கொண்டு வந்து காட்டுங்க. கேபிளும் தர்றேன், அது மட்டும் திரும்ப வந்துடணும். சிம் போட்டுப் பார்க்காதீங்க, எடுக்காது.