பெடலை மிதித்துப் பார்க்காமல் போட்ட கட்டணம்

2005இல் பதிவான ஒரு மாருதி 800க்கு 2020இல் முதல் புதுப்பிப்பு வந்தபோது கட்டணம் 600 ரூபாய். அதே வண்டிக்கு இப்போது இரண்டாவது புதுப்பிப்பு. அதே 25ஆம் எண் படிவம், அதே ஆர்.டி.ஓ. ஆபீஸ், கட்டணம் மட்டும் 10,000. இடையில் 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிவிக்கை, 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அதையும் இரட்டிப்பாக்கிவிட்டது. பைக்குக்கு 2,000, மூன்று சக்கர வண்டிக்கு 5,000. பசுமை வரி தனி.

இதில் நம் இதழ் எந்தப் பக்கம் என்று பட்டறைக்காரர்கள் கேட்கிறார்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். புகை கக்கும் வண்டியும் பிரேக் பிடிக்காத வண்டியும் ரோட்டில் ஓடக் கூடாது. அப்படிப்பட்ட வண்டியை எஃப்.சி.யில் தள்ளுபடி செய்தால் நாம் கைதட்டுவோம். ஆனால் வண்டி எப்படி இருக்கிறது என்று பார்க்காமல், எந்த வருடம் பிறந்தது என்று மட்டும் பார்த்துப் பணம் வாங்குவதை நாம் ஏற்கவில்லை. டெல்லியில் டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்று வருடக் கணக்கு போட்டு ஆரம்பித்த பழக்கம் இது. அங்கே காற்று கெட்டதற்கு அந்தக் கணக்கு. காரைக்குடியில் மாதத்துக்கு இருநூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கும் வயதை வைத்தே கட்டணம் ஏற்றுவதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை.

கட்டணத்தைப் பற்றி இவ்வளவு போதும். இது நம் பட்டறைக்குள் வந்து என்ன செய்கிறது என்பதுதான் என் கவலை.

புதுப்பிப்பு நெருங்கும் வண்டிகள் இப்போது இரண்டு விதமாக வருகின்றன. பத்தாயிரம் கட்டியாகிவிட்டது, இனி செலவு வேண்டாம், ஏதோ ஓடுகிற மாதிரி விட்டுவிடுங்கள் என்பவர் ஒருவர். எஃப்.சி.யில் பெயிலாகிவிடுமோ என்ற பயத்தில், வேறு எங்கோ சொன்ன பட்டியலோடு வருபவர் இன்னொருவர். அந்தப் பட்டியலின் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: கிளட்ச் செட் மாற்ற வேண்டும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும். கியர் நெருடினால் கிளட்ச் செட், கியர் விழாவிட்டால் கிளட்ச் செட், வண்டி இழுக்காவிட்டாலும் கிளட்ச் செட். கியர்பாக்ஸை இறக்கியாகிவிட்டால் எதையாவது மாற்றித்தானே ஏற்ற வேண்டும்? நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். கிளட்ச் கோளாறில் பாதி வேலை பெடலுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவில், ஒரு போல்ட்டைக் கூடக் கழற்றாமல் முடிய வேண்டியது.

உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் வரிசையைச் சொல்கிறேன், ஏனென்றால் வரிசைதான் தவறிப்போகிறது. என்ஜினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பல் பொருந்தாமல் நின்றால் வண்டியை ஒரு சாண் தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள். நின்ற என்ஜினில் வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும் என்ஜினில் மறுத்தால், கிளட்ச் விடவில்லை. நின்ற என்ஜினிலேயே மறுத்தால் கிளட்சைத் தொடவே வேண்டாம். லிங்கேஜ், புஷ், செலக்டர் பக்கம் போங்கள். ஹேண்ட் கியர் வண்டியில் ஸ்டியரிங் காலத்தின் அடியில் இருக்கும் ஆர்ம்களைக் கையால் ஆட்டிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது ரிவர்ஸ். பெடலை முழுக்க மிதித்து, மனசுக்குள் பத்து எண்ணி, பிறகு போடுங்கள். இந்தப் பழைய வண்டிகளில் ரிவர்சுக்குச் சிங்க்ரோ கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. பத்து எண்ணிய பிறகும் கரகரத்தால் உள்ளே பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெடலை இரண்டு மூன்று தரம் அடித்ததும் சத்தம் போய்விட்டால் ஏர் எடுக்க வேண்டும், அல்லது மாஸ்டர் சிலிண்டர் கிட் போயிருக்கிறது. முதல் கியரில் பெடலை மிதித்தபடியே நிற்கும்போது வண்டி மெல்ல நகரத் தொடங்கினால், ஃப்ளூயிட் ரப்பரைத் தாண்டித் திரும்பி வருகிறது. கேபிள் வண்டியில் கேபிளையும் அது பிடித்திருக்கும் தகட்டையும் பார்க்க வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் ஃபோர்க் எவ்வளவு நகர்கிறது என்று அளந்து எழுதுங்கள். எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். கண்ணால் பார்த்தது ஞாபகத்தில் அரை அங்குலம் கூடிவிடும்.

எல்லாக் கியரும் நெருடாமல் ஒரே ஒரு கியர் மட்டும் நெருடினால் அது சிங்க்ரோ. டபுள் கிளட்ச் அடித்துப் போட்டால் சத்தமில்லாமல் விழும், வேறு சாட்சி தேவையில்லை. இதோடு பாக்ஸில் என்ன எண்ணெய் இருக்கிறது என்றும் கேளுங்கள். ஜி.எல்.4 கேட்கும் பாக்ஸில் டிஃப்ரன்ஷியலுக்கு ஊற்றும் ஜி.எல்.5ஐ ஊற்றிவிட்டுப் பித்தளை ரிங்கைக் குறை சொல்லும் பட்டறைகள் நம் மாவட்டத்திலேயே உண்டு. ஸ்லிப்புக்கு எல்லோரும் செய்யும் சோதனைதான்: ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டாப் கியர் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்துப் பெடலை விட்டால் என்ஜின் அணைய வேண்டும். அணையாமல் உறுமினாலும் உடனே பாக்ஸை இறக்க ஓடாதீர்கள். முதலில் ஃப்ரீ ப்ளே. போன மாதம் வந்த ஒரு மாருதி 800இல் கேபிள் நட்டை யாரோ கடைசி வரை முறுக்கி வைத்திருந்தார்கள். பெடலில் ஃப்ரீ ப்ளே என்பதே இல்லை. நட்டை எட்டுச் சுற்று தளர்த்தியதும் வண்டி இழுத்தது. அவர் கையில் கிளட்ச் செட்டுக்கு வாங்கிய எஸ்டிமேட் இருந்தது.

கானாடுகாத்தானில் நான் பார்த்த ஒரு வண்டியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1974 அம்பாசடர், ஹேண்ட் கியர். வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் பதினொரு மாதம் அப்படியே நின்றது. குடும்பம் சென்னையில், பிள்ளைகள் வெளிநாட்டில். மாசிப் படைப்புக்கு வந்து இறங்கியவர்கள் ஸ்டார்ட் செய்து பார்க்கிறார்கள், எந்தக் கியரும் விழவில்லை. பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒருவர் பாக்ஸை இறக்கினால்தான் சொல்ல முடியும், பார்ட்ஸ் கிடைக்க ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்தபடி என்னைக் கேட்டார்கள்: "ஏப்பா, அப்பச்சி ஓட்டுன வண்டி. அது படைப்பு வீட்டுக்கு வரலைன்னா எப்படி? பிரிச்சுப் போட்டுட்டா மறுபடி சேருமா?"

பெடல் கெட்டியாக இருந்தது, ஸ்லேவ் ராடு முழுக்க நகர்ந்தது. பெல் ஹவுசிங்கின் கீழ் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். ஃப்ளைவீலின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துரு. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. என்ஜினை இருபது நிமிடம் ஓட விட்டுச் சூடாக்கினோம். பிறகு அணைத்துவிட்டு, எதிரில் ஆள் இல்லாத கண்மாய்க் கரை ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். இரண்டாம் கியரில் போட்டு, பெடலை அடி வரை மிதித்து, ஸ்டார்ட் கொடுத்தேன். கிளட்ச் மிதித்திருந்தும் வண்டி பாய்ந்து ஓடியது. ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அழுத்தி, நடுவில் பிரேக்கைத் தட்டினேன். மூன்றாவது தட்டில் ‘டப்’பென்று ஒரு சத்தம், வண்டி தானாக உருண்டு நின்றது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. பார்ட்ஸ் செலவு ஒன்றுமில்லை. செட்டிநாட்டில் கொட்டகைக்குள் பூட்டிக் கிடக்கும் வண்டிகள் ஏராளம், இந்தக் கோளாறும் வருடாவருடம் வருகிறது. பதினொரு மாதம் நிற்கப் போகும் வண்டியின் பெடலைக் கட்டை கொடுத்து அழுத்தி வையுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வாருங்கள். (பாக்ஸை உண்மையாகவே இறக்க வேண்டி வந்தால், அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் இருக்கும். ஏர் அடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பையன்களை எட்டி நிற்கச் சொல்லுங்கள்.)

இந்த வண்டிக்கு அமைச்சகம் என்ன வழி வைத்திருக்கிறது? 50 வருடம் தாண்டிவிட்டதால் 2021 ஜூலையில் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம், கட்டணம் 20,000. வாங்கினால் கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம், அன்றாட உபயோகத்துக்குக் கூடாது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு படைப்பு வீட்டுக்கும் குன்றக்குடிக்கும் போகிற வண்டியை யார் அப்படிப் பதிவார்கள்? பதியாவிட்டால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 10,000.

சரி, கட்டுகிறோம். அந்தப் பத்தாயிரத்துக்கு வண்டியை எவ்வளவு ஆழமாகப் பார்க்கிறார்கள்? நாம் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் 62ஆவது விதியின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஸ்பார்க் பிளக் மூடியில் ஆரம்பித்து ஹெட்லைட், ரிஃப்ளெக்டர், கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை, பிரேக், ஸ்பீடோமீட்டர், ஸ்டியரிங் என்று போகிறது. கிளட்ச் இல்லை. கியர்பாக்ஸ் இல்லை. மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊரில் இன்றைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அட்டவணையில் இருப்பதை அவர் பார்க்கிறார். 2021 செப்டம்பரில் விதி போட்டுக் கொண்டுவந்த தானியங்கி சோதனை நிலையத்தில் ரோலர் பிரேக்கை அளக்கிறது, சைட் ஸ்லிப்பை அளக்கிறது, விளக்கின் ஒளியை அளக்கிறது. பெடலை மிதித்தும் வண்டி விடாமல் முன்னால் போகிறதா என்று எந்த ரோலர் சொல்லும்? செக்காலை ரோட்டில் பள்ளி விடும் நேரத்தில் கிளட்ச் விடாத வண்டி ஒரு முழம் பாய்ந்தால் போதும். அதை ஒரு கால் தான் உணரும், ஒரு காதுதான் கேட்கும். அந்தக் காலும் காதும் நம்மிடம் இருக்கின்றன.

எஃப்.சி.க்காகக் கிளட்ச் செட் மாற்ற வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற பட்டறை பொய் சொல்கிறது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். அப்படி ஒரு சோதனையே இல்லை. நம்மவர்கள் செய்யும் இந்த வேலைதான், நம் பேச்சை யாரும் மதிக்காமல் போவதற்கு முதல் காரணம்.

மற்ற காரணம் மேலே இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் மெக்கானிக் மோட்டார் வெகிக்கிள் படித்து, அதற்குப் பிறகு முப்பது வருடம் வண்டிக்கு அடியில் படுத்தவனின் கையெழுத்துக்கு எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது. வண்டியின் கோளாறை எழுதிக் கொடுக்க அவனுக்கு உரிமை இல்லை, ஆனால் வண்டி வழியில் நின்றால் பழி அவனுக்குத்தான். விதியைத் திருத்தும் முன் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும் என்பது சட்டம். வெளியிடுவது மத்திய அரசிதழில், இந்தியிலும் ஆங்கிலத்திலும். கல்லலிலும் புதுவயலிலும் பட்டறை வைத்திருப்பவர் அதை எங்கே போய்ப் படிப்பார்? படித்தவர் யாரும் நம்மைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. பழைய வண்டியின் மேல் கை வைக்கும் ஒவ்வொரு விதியும் அதைத் தினமும் தொடுகிறவர்களைக் கேட்காமலே வந்திருக்கிறது. இதை நான் இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

நம் கோரிக்கை இரண்டு. கட்டணத்தை வயதைப் பார்த்து ஏற்றாமல், சோதனையில் வரும் நிலையைப் பார்த்து வைக்க வேண்டும். சோதனை அட்டவணையில் கிளட்சும் கியரும் சேர வேண்டும், அவற்றைப் பற்றிப் பயிற்சி பெற்ற மெக்கானிக் எழுதிக் கொடுக்கும் தாளை ஏற்றுக்கொள்ள வேண்டும். இதை மனுவாக எழுதிச் சென்னைக்குப் போக்குவரத்து ஆணையருக்கும் டெல்லிக்கு அமைச்சகத்துக்கும் அனுப்புகிறோம், டெல்லிக்குப் போவதும் தமிழ்ப் பிரதியோடு போகும்.

மனு போகும்போது நம் கையிலும் தாள் இருக்க வேண்டும். அடுத்த இதழின் நடுப்பக்கத்தில் ஒரு சோதனைத் தாள் அச்சிட்டு வரும், கிழித்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீ ப்ளே எத்தனை மில்லிமீட்டர், ஃபோர்க் எவ்வளவு நகர்ந்தது, ரிவர்ஸ் பத்து எண்ணிய பிறகு எப்படி விழுந்தது, பாக்ஸில் என்ன எண்ணெய் என்று எழுத இடம் இருக்கும். கியர்பாக்ஸை இறக்கும் முன் அதை நிரப்பி, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவருக்குக் கொடுங்கள். இன்னொரு நகலை எங்களுக்கு அனுப்புங்கள். முதல் வரியில் இருக்கும் கேள்வி இது: என்ஜின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் விழுகிறதா?