மறுத்த பதவியும் மறந்த மன்றமும்

பிட்டி தியாகராயரைப் பற்றி நம்மிடையே வழங்குவது ஒரே ஒரு கதைதான். 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் அவரை ஆட்சியமைக்க அழைத்தார். அவரோ மறுத்துவிட்டு, சுப்பராயலு ரெட்டியாரை முதலமைச்சராக்கினார். மேடைதோறும் ஒலிக்கும் இக்கதை உண்மையே. ஆனால், ஒருவர் ஏற்காத பதவியைக் கொண்டாடியபடியே அவர் ஆற்றிய பணியை மறந்துபோகும் நம் பழக்கத்தை எப்படி ஏற்பது?

தியாகராயர் சட்டசபையில் உருவான அரசியல்வாதி அல்லர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்னை மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தவர். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, தொடக்கப்பள்ளி என நகரின் அன்றாடத்தில் ஊறியவர். அவர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920இல்தான் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் தீர்மானம் நிறைவேறியது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. மதிய உணவு என்றதும் காமராசரின் 1956ஐயும் எம்.ஜி.ஆரின் 1982ஐயும் நினைவுகூரும் நாம், அதற்கும் முந்தைய இந்த ஓரணாக் கணக்கை எத்தனை முறை நினைத்திருக்கிறோம்?

அதிகாரம் மேலே இருக்கையில் மாநகராட்சியில் என்ன சாதித்துவிட முடியும் என்று நடைமுறைவாதிகள் கேட்கக்கூடும். அவர்களுக்கு வரலாறே விடை வைத்திருக்கிறது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை அரசு ஆட்சேபித்ததால் 1925 ஏப்ரலில் அத்திட்டம் நின்றுபோனது. அப்போது அமைச்சரவையில் இருந்தது யார்? பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சியேதான். நகரமன்றம் இட்ட சோற்றை, அம்மன்றத்தின் தலைவருடைய கட்சி மேலே அமர்ந்திருந்தபோதே அரசு நிறுத்தியது. அதே ஆண்டில் தியாகராயரும் மறைந்தார்.

இதனால் அவரைப் புனிதராக்க வேண்டும் என்பதல்ல நம் தரப்பு. 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்மீது நீதிக்கட்சியினர் காட்டிய பகைமையும், 1923இல் எம்.சி. ராஜா அக்கட்சியை விட்டு விலகியதும் அவர் தலைமையேற்றிருந்த காலத்தின் கறைகள். பதவியை மறுத்த பெருந்தன்மையை மட்டுமே பேசுவோர் இக்கறைகளையும் சேர்த்தே மறைக்கிறார்கள்.

இன்றைய அரசியலில் மாமன்ற உறுப்பினர் பதவி சட்டமன்றத்துக்கு ஏறும் படிக்கட்டு. ஏறியவர் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளாட்சிகளுக்கு அரசமைப்பின் பாதுகாப்பு தந்த 1992ஆம் ஆண்டுத் திருத்தங்களுக்குப் பிறகும், 2016 அக்டோபர் முதல் ஐந்தாண்டுக்கு மேலாகச் சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டுக் காலம் சட்டமன்றம் இல்லாதிருந்தால் நாடு கொதித்திருக்கும். மாமன்றம் இல்லாததை நாம் உணரக்கூட இல்லை என்பதே வெட்கம்.

அவர் பெயரையும் தி. நகர் என்று ஒற்றை எழுத்தாய்ச் சுருக்கிவிட்டோம். ரிப்பன் மாளிகையின் முன்னுள்ள அவர் சிலைக்கு மாலையிடுவோரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு பள்ளியின் பிள்ளைகளுக்குச் சோறிடத் தானே தீர்மானித்து, அதற்கான காசையும் தானே ஒதுக்கும் உரிமையை இம்மாளிகைக்கு எப்போது திருப்பித் தரப்போகிறீர்கள்?