காலை நாலரை மணிச் சத்தம்

காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கியின் முன் "வணக்கம்" சொல்வதில்தான் என் வேலை தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கிள்ளானில் எங்கள் தாமானில் நாலரை மணிக்குக் காரை ஸ்டார்ட் செய்வதில் தொடங்குகிறது. அந்நேரத்தில் எங்கள் தெருவில் விழித்திருப்பது நானும் இரண்டு பூனைகளும்தான்.

சில மாதங்களுக்கு முன் அந்த அமைதியை என் கார் கெடுக்க ஆரம்பித்தது. சாவியைத் திருப்பியதும் என்ஜினின் மேல்பக்கத்திலிருந்து 'டக் டக் டக் டக்' என்று தையல் இயந்திரம் ஓடுவதுபோல ஒரு சத்தம். முதலில் ஐந்து வினாடி இருந்தது. பிறகு அரை நிமிடம் ஆனது. கடைசியில் இரண்டு நிமிடம். பக்கத்து வீட்டு அக்கா, "உன் கார்தான்மா இப்ப எங்க பாப்பாவுக்கு அலாரம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்வதுதான் நமக்கு அதிகம் உறைக்கும்.

அது அப்பா ஓட்டிய கார். முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டியவர். கார் என் பெயருக்கு மாறிய பிறகும் எண்ணெய் மாற்றுவது அவர்தான். சத்தத்தைச் சொன்னபோது வாசலில் நின்று கேட்டுப் பார்த்தார். "எனக்கு ஒன்னும் கேக்கலையே. என்ஜின் நல்லாதான் ஓடுது" என்றார்.

மறுநாள் மதியம் ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். சூடான என்ஜினில் சத்தமே இல்லை. வேறு வழியில்லாமல் வாயாலேயே அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினேன். ஃபோர்மென் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "என்ஜின் போச்சு மிஸ். ஓவர்ஹால் 4,800 வெள்ளி. இல்லைன்னா காரைத் தள்ளிவிடுங்க" என்றார். அன்றிரவு புதுக் காருக்கு மாதத் தவணை எவ்வளவு வரும் என்று கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

பணத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தச் சத்தம் என்ன என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். சத்தம்தானே என் பிழைப்பு! நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

என்ஜினுக்குள் காற்றையும் புகையையும் விட்டு மூடும் கதவுகள்தான் வால்வுகள். அவற்றைத் திறப்பது கேம்ஷாஃப்ட். பல என்ஜின்களில் இந்த இரண்டுக்கும் நடுவே ஹைட்ராலிக் லிஃப்டர் என்ற சிறு பாகம் இருக்கும். நம் ஃபோர்மென்கள் 'தாப்பெட்' என்று சொல்வது இதைச் சேர்த்துத்தான். உள்ளே ஒரு சிறு பிஸ்டனும் ஸ்பிரிங்கும் இருக்கும். எண்ணெய் நிரம்பியிருக்கும்வரை அது இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளும். கார் இரவெல்லாம் நிற்கும்போது, திறந்த நிலையில் நின்றுவிட்ட வால்வின் ஸ்பிரிங் லிஃப்டரை அழுத்த, எண்ணெய் மெல்லக் கசிந்துவிடும். காலையில் புது எண்ணெய் வந்து சேரும்வரை இரும்பும் இரும்பும் தட்டிக்கொள்ளும். 'கோல்ட் ஸ்டார்ட்' என்பதற்குப் பனி கொட்ட வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் சும்மா நின்ற கார், நம் ஊர் வெக்கையிலும் 'கோல்ட்'தான்.

இரண்டு மூன்று வினாடியில் அடங்கினால் பெரும்பாலும் கவலையில்லை. நேரம் நாளுக்கு நாள் நீண்டாலோ, என்ஜின் சூடான பிறகும் நிற்காவிட்டாலோ பார்க்கத்தான் வேண்டும். ஸ்டார்ட் செய்த பிறகும் எண்ணெயைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள்.

அடுத்த நாள் காலையில் கைப்பேசியில் சத்தத்தைப் பதிவு செய்து, நிகழ்ச்சி முடிந்ததும் ஸ்டூடியோ கணினியில் போட்டுப் பார்த்தேன். அலைவடிவத்தில் வினாடிக்கு 10 முட்கள் நின்றன. அப்போது மீட்டர் காட்டியது 1,200 ஆர்.பி.எம். அதாவது கிராங்ஷாஃப்ட் வினாடிக்கு 20 சுற்று. கேம்ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஆக, தட்டுவது கேம்ஷாஃப்ட்டின் வேகத்தில். கீழே பேரிங் தேய்ந்திருந்தால் கிராங்கின் வேகத்தில், இன்னும் கனமாகத் தட்டும். வண்டி சூடானாலும், ஏற்றத்தில் ஏறினாலும் அது மோசமாகும். என் காரின் சத்தமோ சூட்டில் மறைந்தது. 4,800 வெள்ளி கொஞ்சம் தூரத்தில் போய் நின்றது.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதை இரண்டாவது ஃபோர்மெனிடம் தெரிந்துகொண்டேன். பதிவைக் கேட்ட அந்த அண்ணன், "எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிஞ்சாலும் இதே மாதிரிதான் தங்கச்சி தட்டும். சூடானா இரும்பு விரிஞ்சு அதுவும் நின்னுரும். நீங்க ராத்திரியே வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க. காலையில நான்தான் ஸ்டார்ட் பண்ணனும்" என்றார். முதல் வொர்க்‌ஷாப்பில் நானே கேட்டிருக்க வேண்டியது இதுதான். காலையில் மட்டும் வரும் நோயை மதியம் காட்டினால் எந்த வைத்தியர் கண்டுபிடிப்பார்?

மறுநாள் அவர் முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தார். எண்ணெய் குறைந்தாலும் சத்தம் வரும், அளவுக்கு மேல் ஊற்றி நுரைத்தாலும் வரும். என் காரில் அளவு சரியாகவே இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் எக்ஸாஸ்ட் பக்கம் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பை வால்வு கவர்மேல் நகர்த்தி, ஒரு இடத்தில் நிறுத்தி என்னையும் கேட்கச் சொன்னார். காதுக்குள் சுத்தியல் அடித்ததுபோல இருந்தது. (ஓடும் என்ஜினில் பெல்ட்டும் விசிறியும் சுற்றும். இதை வீட்டில் முயல வேண்டாம்.)

பிறகு எண்ணெய் ஃபில்டரைக் கழற்றினார். நல்ல ஃபில்டரில் எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்க ஒரு ரப்பர் தடுப்பு இருக்கும். என்னுடையதில் அது பழைய செருப்புபோல விறைத்திருந்தது. பூட்டில் கிடந்த மிச்ச எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தார்: 20டபிள்யூ-50. கார் கையேடு கேட்பதோ 10டபிள்யூ-30. எண்ணெய் கெட்டியாக இருந்தால் காலையில் மேலே ஏறத் தாமதமாகும். "யாரு மாத்துனது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

சரியான எண்ணெய், நல்ல ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 210 வெள்ளி. சத்தம் அன்றே போய்விடவில்லை. ஒரு வாரத்தில் மூன்று வினாடிக்கு இறங்கியது. ஒருவேளை திரும்ப வந்தால் அந்த ஒரு லிஃப்டரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்றார்.

வீட்டில் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். "பழைய என்ஜினுக்குக் கெட்டி எண்ணெய்தானேம்மா நல்லது? ஃபில்டரும் மலிவா கெடச்சுச்சு. உனக்குக் காசு மிச்சம்னு பார்த்தேன்" என்றார். பேச்சை மாற்ற, அந்தப் பதிவைத் தலையணி ஒலிப்பானில் போட்டு அவர் காதில் வைத்தேன். நடுவில் "ம்... இன்னும் நிக்கலை" என்று நான் முணுமுணுத்திருந்தேன். "நீ என்னமோ பேசுற. வேற ஒன்னும் கேக்கலையே" என்றார்.

சத்தத்தைக் கூட்டினேன். அப்போதும் இல்லை.

வீட்டில் வானொலியை அவர் அலற விடுவது பெருமையால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். "உன்கூட பேசுற பையன் குரல் தெளிவா இருக்கு, உன்னோடதுதான் மங்கலா இருக்கு" என்று ஒருமுறை சொன்னபோது ஒலிவாங்கியைக் குறை சொன்னேன். மருத்துவமனையில் எடுத்த செவிப் பரிசோதனையில், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் இறங்கியது. நீண்ட காலம் பெரிய சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு முதலில் அடிபடுவது அந்த இடம்தானாம். முப்பது ஆண்டு லோரி கேபின். போன கேள்வித்திறன் திரும்பாது. கருவி வைத்தால் பேச்சு தெளியலாம் என்றார்கள்.

"கெழவன் மாதிரி காதுல மாட்டிக்கவா?" என்று அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த மாதம் பொருத்திப் பார்க்கும் நாள். லீவு போட்டுவிட்டு நான்தான் கூட்டிப் போகிறேன்.

உங்கள் காரைக் காலையில் ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர் யார் என்றும் கொஞ்சம் கவனியுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.