பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தனி எழுத்தர் வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களுக்குக் கூட்ட எழுத்தர்களைத் தமிழ்நாடு அரசு நியமிக்க வேண்டும். அவர்கள் சம்பளம் பெறுபவர்களாக இருக்க வேண்டும். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியருக்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்கக் கூடாது. குழு உறுப்பினர்களான பெற்றோருக்குப் பயிற்சி தரும் பணியில் இருக்கும் எங்கள் அமைப்பு நெடுநாள் யோசித்து எடுத்த முடிவு இது. பயிற்சி மட்டும் போதும் என்ற நம்பிக்கை எங்களுக்கு இப்போது இல்லை.

சட்டம் பெற்றோருக்குக் கொடுத்திருக்கும் இடம் பெரியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. (உதவி பெறும் பள்ளிகளில் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டுமே என்று 2012 திருத்தம் சொல்கிறது. ஆகவே இந்த அறிக்கை அரசுப் பள்ளிகளைப் பற்றியது.) தமிழ்நாட்டில் 2022இல் குழுக்கள் 20 பேருடன் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டு எண்ணிக்கை 24 ஆனது. இதை நாங்கள் மனதார வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம்.

ஆனால் இந்த 24 பேரும் பேசுவதை யார் எழுதுகிறார்கள்? தலைமையாசிரியர்தான். அவரே குழுவின் அழைப்பாளர். கூட்டப் பொருளைத் தீர்மானிப்பவர், கணக்கு வைத்திருப்பவர், தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதுபவர், பிறகு கல்வித் துறையின் செயலியில் ஏற்றுபவரும் அவரே. குழு யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ, அவர் கையில்தான் குழுவின் பேனா இருக்கிறது.

இதன் விளைவை ஒரு பதிவேட்டில் கண்ணால் பார்த்தோம். அந்தக் கூட்டத்தில் எங்கள் பயிற்சியாளரும் இருந்தார். மாணவிகள் கழிப்பறையின் இரண்டு கதவுகளில் தாழ்ப்பாள் இல்லை, பிள்ளைகள் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள் என்று ஓர் அம்மா எழுந்து சொன்னார். இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். பராமரிப்பு நிதியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று குழுத் தலைவி கேட்டார். அடுத்த கூட்டத்தில் சொல்வதாகப் பதில் வந்தது. பதிவேட்டில் இவை எதுவும் இல்லை. ‘பள்ளியின் தூய்மை குறித்து விவாதிக்கப்பட்டது. அனைவரும் ஒத்துழைப்பு தருவதாக ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று இரண்டு வரி. அதன் கீழே பெற்றோர் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. கூட்டம் தொடங்குமுன்பே நோட்டைச் சுற்றுக்கு விட்டு வாங்கியிருந்தார்கள். அடுத்த மாதம் அந்த அம்மா வரவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பேசியது எங்கேயும் பதிவாகவில்லை என்றால், அவர் மறுபடி எதற்காக வர வேண்டும்?

இதற்குத் தலைமையாசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாங்கள் விரும்பவில்லை. அரசுத் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் அலுவலகப் பணியாளர் என்று ஒருவர்கூடக் கிடையாது. ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியர் கூட்டத்தில் உட்கார்ந்தால் இருக்கிற எல்லா வகுப்பும் இன்னொருவர் தலையில் விழும். எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் பதிவு, நலத்திட்டப் பட்டியல், காலை உணவு, மதிய உணவு என்று ஓடிக்கொண்டிருப்பவரிடம் நடுநிலையான கூட்டக் குறிப்பையும் எதிர்பார்ப்பது அநியாயம். அவரைப் பற்றிய குறையை அவரே தம் கையால் எழுத வேண்டும் என்பது அதைவிட அநியாயம்.

இங்கிலாந்தில் இந்தச் சிக்கலை நேராகவே தீர்த்திருக்கிறார்கள். அங்கே மாநகர, மாவட்ட நிர்வாகங்களின் கீழ் இருக்கும் பள்ளிகளின் ஆளுகைக் குழுக்கள் கட்டாயம் ஓர் எழுத்தரை நியமிக்க வேண்டும் என்கின்றன 2013ஆம் ஆண்டு விதிமுறைகள். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரோ குழு உறுப்பினரோ அந்தப் பதவிக்கு வர முடியாது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக அறிவிப்பும் ஆவணங்களும் உறுப்பினர் கைக்குப் போக வேண்டும். எழுத்தர் குறிப்பெடுப்பதோடு நிற்பதில்லை. இந்த முடிவை எடுக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டா, முறை என்ன என்று எடுத்துச் சொல்வதும் அவர் வேலை. அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. தலைமையாசிரியரையும் எழுத்தரையும் பிரித்துவைத்த அந்த ஒரு விதி நமக்கும் வேண்டும் என்கிறோம்.

நம் ஊரில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் தீர்மானப் புத்தகத்தின் பலத்தில்தான் வங்கிவரை போயின. யார் வந்தார், யாருக்குக் கடன், எப்போது திருப்ப வேண்டும் என்பதையெல்லாம் தெளிவாக எழுதப் பழகிய பெண்கள் இன்று ஊர்தோறும் இருக்கிறார்கள். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பணியாற்றிய தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு ஆள் கிடைக்காது என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை.

ஓர் எழுத்தருக்கு 20 பள்ளிகள் என்று வைத்தால், வேலைநாளுக்கு ஒரு பள்ளி. பாதி நாள் கூட்டம், மீதி நாள் குறிப்பும் கடிதங்களும். மாநிலத்தில் ஏறத்தாழ 37 ஆயிரம் அரசுப் பள்ளிகள். இரண்டாயிரம் பேருக்குள் முடிந்துவிடும். ஆனால் இதற்கு ஒரு பழக்கத்தை அரசு கைவிட்டாக வேண்டும். மாநிலம் முழுக்க ஒரே வெள்ளிக்கிழமையில் கூட்டம் நடத்துவது சென்னையிலிருந்து கண்காணிக்க வசதியாக இருக்கலாம். ஊரில் அது யாருக்கும் வசதி இல்லை. வட்டாரக் கல்வி அலுவலர்கூட ஒரு கூட்டத்துக்கு மேல் போக முடியாது. எந்த நாள், எந்த நேரம் என்பதை அந்தந்தக் குழுவிடமே விட்டுவிட வேண்டும்.

செயலி வந்துவிட்டது, இனி எழுத்தர் எதற்கு என்று கேட்கிறார்கள். செயலியில் தீர்மானத்தின் தலைப்பைத் தேர்ந்தெடுக்கலாம், வருகையைப் பதியலாம். தாழ்ப்பாள் இல்லாத கதவைப் பற்றி ஒரு தாய் சொன்னதை அதில் யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. ‘பெற்றோருக்குப் படிக்கத் தெரியாது’ என்பது இன்னொரு வாதம். தெரியாதவர்களுக்காகத்தான் கேட்கிறோம்: கணக்கையும் கூட்டப் பொருளையும் ஒரு வாரம் முன்பே குரல் செய்தியாக அனுப்பவும், கூட்டம் முடிந்ததும் எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டி அதன் பிறகே கையெழுத்து வாங்கவும் ஒருவர் வேண்டும்.

கூட்டக் குறிப்பில் பணமும் அடங்கியிருக்கிறது. 2022இல் காலிப் பணியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை மேலாண்மைக் குழு வழியாக நியமிக்க அரசு முடிவெடுத்தது. அப்போது அறிவித்த மாதச் சம்பளம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. யார் விண்ணப்பித்தார், ஏன் இவர் தேர்வானார் என்ற கேள்வி எழுந்தால் குழுத் தலைவி எதைக் காட்டுவார்? ஒழுங்கான குறிப்புதான் அவருக்கும் பாதுகாப்பு, தலைமையாசிரியருக்கும் பாதுகாப்பு.

சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. 38ஆம் பிரிவு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசிடம் கொடுத்திருக்கிறது. தலைமையாசிரியர் அழைப்பாளராகவே தொடரட்டும். அறிக்கை வைக்கட்டும், பதில் சொல்லட்டும். பதிவேடு மட்டும் எழுத்தர் பொறுப்பில் இருக்கட்டும். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே யார் செய்வது, எப்போதைக்குள் என்று எழுதப்பட வேண்டும். வட்டார அலுவலகத்துக்குப் போகும் தீர்மானத்துக்கு 30 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வர வேண்டும். முடியாது என்றாலும் காரணத்தோடு வர வேண்டும். பதில் வராத தீர்மானங்கள்தான் குழுக்களை உள்ளிருந்து கொல்கின்றன. வேலைப்பளு அதிகம் என்று பதிவேடு எழுதும் பொறுப்பை இன்னோர் ஆசிரியரிடம் தள்ளிவிடுவதை நாங்கள் எதிர்ப்போம்.

அரசாணை வரும்வரை உறுப்பினர்களிடம் நாங்கள் கேட்பது: கூட்டம் தொடங்குமுன் நோட்டு சுற்றுக்கு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்ததும் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். கூட்டக் குறிப்புகளை முறையாக எழுதிப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2010 மாதிரி விதிகளே சொல்கின்றன. அதைச் சுட்டிக்காட்டி, கையெழுத்தான பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.