கடலில் பஞ்சமில்லை, கரையில் பூட்டு!

அமெரிக்காவின் மெட்டா கம்பெனி, முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் சொந்தக்காரரான அதே கம்பெனி, ஐந்து கண்டங்களை இணைத்து 50,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் கடலடிக் கம்பி வடம் ஒன்று போடப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அது தொடவிருக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வடம் வந்துவிட்டால் வளம் வந்துவிடும் என்று சிலர் பூரிக்கிறார்கள்.

வரட்டும். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அந்த வடம் கரையேறும் இடத்தில் கதவுக்கு யார் காவல்? சாவி யார் மடியில்?

"இது கம்ப்யூட்டர் படித்தவர்கள் விவகாரம், நமக்கென்ன?" என்று தோழர்கள் ஒதுங்கிவிடக்கூடாது. சிங்கப்பூரில் உழைக்கும் தம்பி கைப்பேசியில் முகம் காட்டிப் பேசுகிறானே, அந்த முகம் வானத்தில் பறந்து வருவதில்லை. கடலுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழை வழியாகத்தான் வருகிறது. நாடு விட்டு நாடு போகும் தகவலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இப்படித்தான் போகிறது. அந்த வழிக்கு விதிக்கப்படும் கூலி, கடைசியில் ரீசார்ஜ் செய்பவன் தலையில்தான் விடியும். அவன் யார்? ஆட்டோ ஓட்டுபவன், மூட்டை தூக்குபவன், மில்லில் இரவு ஷிப்டு பார்ப்பவன்.

இந்தக் கரைக்கதவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1871-இலேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி வந்துவிட்டது. போட்டவன் வெள்ளைக்காரக் கம்பெனி. காசும் அவன் பெட்டிக்கே போயிற்று. 1947-இல் வெளிநாட்டுச் செய்தித் தொடர்பை அரசு தன் கையில் எடுத்தது. 1986-இல் அதுவே விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற பொதுத்துறை நிறுவனமாயிற்று. 1995-இல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டதும் அந்த நிறுவனமே. 2002-இல் அதன் 25 விழுக்காட்டுப் பங்கையும் நிர்வாகத்தையும் 1,439 கோடி ரூபாய்க்கு டாட்டாவிடம் கொடுத்தது மத்திய அரசு. மிச்சம் வைத்திருந்த 26 விழுக்காட்டையும் 2021-இல் விற்றுக் கை கழுவியது. கம்பெனியிடமிருந்து மக்களுக்கு வந்த கதவு, மக்களிடமிருந்து மறுபடியும் கம்பெனிக்கே போய்விட்டது!

போனதால் நேர்ந்தது என்ன?

2002-இல் பாரதியும் சிங்டெல்லும் சேர்ந்து சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வடம் போட்டன. அது நொடிக்கு 8.4 டெராபிட் தகவலைத் தாங்கவல்லது. 2004-இல் டாட்டாவின் வடம் அதே வழியில் வந்தது, 5.12 டெராபிட் தாங்கவல்லது. ஒரு டெராபிட் என்றால் லட்சம் கோடி பிட். அன்றைய இந்தியா முழுவதும் பயன்படுத்தியது இதிலே ஒரு மூலைக்குக் காணாது. குளம் நிரம்பித் தளும்பியது என்று பொருள்.

குளம் நிரம்பினால் தண்ணீர் விலை குறையவேண்டாமா? குறைந்ததா? தானாகக் குறையவில்லை! 2005 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் குறுக்கிட்டு, இதற்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்சவரம்பு கட்டவேண்டியதாயிற்று. குறைத்துக் கட்டிய அந்த வரம்பே எவ்வளவு தெரியுமா? நொடிக்கு 155 மெகாபிட் செல்லும் வெளிநாட்டுத் தனி இணைப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கோடியே 99 லட்சம் ரூபாய். கடலில் கொள்ளை கொள்ளையாக இடம் கிடக்க, கரையில் இந்த விலை!

காரணம் கரையேறும் நிலையம். கடலிலிருந்து வரும் வடம் அங்கே வந்துதான் உள்நாட்டுக் கம்பியோடு சேரவேண்டும். வேறு வழி கிடையாது. ஒருவன் வடத்தில் தன் பங்கை முழு விலை கொடுத்து வாங்கியிருப்பான். ஆயினும் நிலையத்துக்காரன் கதவைத் திறந்தால்தான் அது அவனுக்குப் பயன்படும். நிலையத்துக்காரன் யாரென்றால், அதே சரக்கை விற்கும் போட்டிக் கடைக்காரன்! எதிர்க்கடைக்காரனுக்கு அவன் ஏன் சீக்கிரம் கதவு திறப்பான்? இடமில்லை என்பான், நாளை வா என்பான், திறப்பதற்குத் தனிக்கூலி கேட்பான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தக் கதைதான்.

கற்பனையாகச் சொல்லவில்லை. இங்கிலாந்திலிருந்து ஜப்பான் வரை செல்லும் ஃபிளாக் வடம் 1997-இல் மும்பையில் கரையேறியது. நிலையம் விதேஷ் சஞ்சார் நிகாமுடையது. 2004-இல் ஃபிளாக் ரிலையன்சின் கைக்குப் போயிற்று. மும்பையில் அந்த வடத்தின் கொள்ளளவைக் கூட்டவேண்டும் என்றார்கள். டாட்டா கைக்குப் போய்விட்ட நிலையம் இணங்கவில்லை. வழக்கு எங்கே போயிற்று? திருவல்லிக்கேணிக்கா, டில்லிக்கா? கடல் கடந்து, சர்வதேச நடுவர் மன்றத்துக்கு! 2006-இல் தீர்ப்பு ஃபிளாக்குக்குச் சாதகமாக வந்தது. ரிலையன்சுக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. அவ்வளவு பெரிய முதலாளிக்கே கதவு திறக்க நடுவர் மன்றம் வேண்டியிருந்ததென்றால், ஊரிலே சின்னதாக இணைய இணைப்புக் கொடுத்துப் பிழைக்கும் மனிதனின் கதி என்ன என்றுதான் கேட்கிறோம்.

2007 ஜூனில் டிராய் விதி செய்தது: கரையேறும் நிலையம் இன்றியமையாத வசதி, கேட்பவர்க்கெல்லாம் பாரபட்சமின்றித் திறந்துவிட வேண்டும் என்று. 2012 டிசம்பரில் திறப்புக் கட்டணத்தையும் தானே நிர்ணயித்தது. நிலையத்துக்காரர்கள் சும்மா இருந்தார்களா? டாட்டா கம்யூனிகேஷன்சும் பாரதி ஏர்டெல்லும் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. அது உச்சநீதிமன்றம் வரை போய், 2018-இல் டிராய் மறுபடியும் உட்கார்ந்து கட்டணம் கணக்கிட வேண்டியதாயிற்று. ஒரு கதவின் கூலியைத் தீர்மானிக்க ஆறு ஆண்டுகள்! கூலி உயர்வு கேட்டு ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தால் நாடு குட்டிச்சுவராயிற்று என்று கூப்பாடு போடுபவர்கள், இந்த ஆறு ஆண்டைப் பற்றி வாய் திறந்ததுண்டா?

"கோடி கோடியாய்க் கொட்டி ஆழ்கடலில் வடம் போட்டோம், அறுந்தால் நட்டம் எங்களுக்கு, லாபம் பார்க்கக் கூடாதா?" என்று முதலாளிமார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். போட்ட முதலுக்கு வட்டி எடுங்கள். பராமரிப்புச் செலவு எடுங்கள். அளவான லாபமும் எடுங்கள். கணக்கைப் பகிரங்கமாகக் காட்டிவிட்டு எடுங்கள். பாலம் கட்டியவன் சுங்கம் வாங்கலாம்; தன் வண்டியை மட்டும் விட்டு, அடுத்தவன் வண்டியை மறிக்கக் கூடாது. அதுவும் அந்தக் கதவுகளில் சில, மக்கள் பணத்தில் கட்டிய கதவுகள் என்பதை மறக்கக் கூடாது!

பொதுத்துறையால் இதெல்லாம் ஆகாது என்பது அடுத்த பல்லவி. அந்தமானைப் பாருங்கள். செயற்கைக்கோளை நம்பி, ஒரு படம் இறங்கக் காத்துக் கிடந்த தீவுகள் அவை. லாபமில்லாத அந்தத் திசையில் தன் முதலைப் போட எந்த முதலாளி முன்வந்தான்? சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டருக்கு, 1,224 கோடி ரூபாய் பொதுப் பணத்தில், பி.எஸ்.என்.எல். மூலமாக வடம் வந்தது. 2020 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கும் பொதுப் பணத்திலேயே வடம் போய்ச் சேர்ந்தது. ஆகுமா ஆகாதா என்பதற்குக் கடலே சாட்சி.

கதவுகள் சில கைகளில் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி தேடி அலையவேண்டாம். 2024 ஜூலையில் மூன்று தனியார் கைப்பேசிக் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. அது கரைநிலையத்தால் வந்த உயர்வு என்று நாம் சொல்லவில்லை. மூன்று கைகளில் கடை இருந்தால் விலை எப்படி நடக்கும் என்பதற்குச் சொல்கிறோம். இப்போது வடம் போட வருபவர்களோ, உலகச் சந்தையையே கைக்குள் வைத்திருப்பவர்கள். வடமும் அவர்களுடையது, அதில் ஓடும் சரக்கும் அவர்களுடையது என்று ஆனபின் விதி செய்ய உட்காருவது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதாகும்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இவை. புதிய வடங்கள் கரை தொடுமுன்னரே, யார் கேட்டாலும் குறித்த நாளுக்குள் கதவு திறக்கும் விதி கறாராக வேண்டும். ஒவ்வொரு நிலையத்தின் செலவுக் கணக்கும் கட்டணப் பட்டியலும் மக்கள் பார்வைக்கு வரவேண்டும். சென்னைக் கரையில் பி.எஸ்.என்.எல். பொறுப்பில், எல்லா வடங்களும் வந்து சேரத்தக்க பொது நிலையம் ஒன்று எழவேண்டும். கட்டண வழக்கென்றால் ஆறு மாதத்தில் தீரவேண்டும். ஆறு ஆண்டு இழுக்கக் கூடாது.

தோழர்களே! தொழிற்சங்கக் கூட்டங்களிலும் படிப்பகங்களிலும் இதைப் பேசுங்கள். கடல் எவர் பாட்டன் சொத்தும் அல்ல. கரையும் அல்ல!