எனக்கு ஞாபகம் வருது

வவுனியாவில் ரியூசன் விட்டுச் சைக்கிளை எடுக்கும்போது ஒரு பெடியன் சொன்னான்: "ரீச்சர், பேப்பர் கொண்டுவர நாளைக்கு ஒருக்கா ரிமெம்பர் பண்ணுங்கோ." ரீச்சர் சிரித்தார். "அதுக்கு ரிமைன்ட் எண்டு சொல்லோணும் தம்பி."

அவனில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. தமிழில் நினைவு பெரும்பாலும் நாம் செய்கிற வேலை அல்ல. 'எனக்கு ஞாபகம் வருது' என்கிறோம். மழை மாதிரி, அது தானாக வரும். ஆங்கிலத்திலோ 'நான்' முன்னுக்கு நின்று அதைச் செய்யவேண்டும். போதாததற்கு, அந்த வினைக்கு இரண்டு முகம். 'ரிமெம்பர் டு லொக்' என்றால் பூட்ட மறவாதே. 'ரிமெம்பர் லொக்கிங்' என்றால் பூட்டியது ஞாபகம். இந்த இடத்தில்தான் பரீட்சையில் எங்கள் பிள்ளைகள் வழுக்குகிறார்கள்.

ஆனால் எங்கள் 'நினை'க்கு ரிமெம்பர் என்ற சொல் காணாது. எண்ணுவதும் நினைவுகூர்வதும் அதற்கு ஒன்றுதான். இங்குள்ள தாய்மாரின் பேச்சில் அது தெரியும். 2017 பெப்ரவரி 24இல், இதே நகரின் வீதியோரக் கொட்டகையில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். மே 18இல் முள்ளிவாய்க்காலில் நடப்பது நினைவேந்தல், அது போரில் இறந்தவர்களுக்கு. காணாமல் போன மகனுக்கு அந்தச் சொல்லைக் கிட்டவும் விடாத தாய்மார் இங்கு பலர். அவர்களில் ஒருவர் 'மகனை நினைச்சுக்கொண்டிருக்கிறன்' என்றால், அவன் இப்போது எங்கே, சாப்பிட்டானோ என்ற யோசனையும் அதற்குள் இருக்கிறது. ரிமெம்பர் என்று எழுதினால் பாதி போய்விடும். திங்க் என்றால் மற்றப் பாதி.